மடிக்கணினிக்கென்று ஒரு கெர்னல்

லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியன் 12 ஓடும் என் பழைய மடிக்கணினிக்கு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.12 பதிப்பை மூலநிரலிலிருந்து நானே தொகுத்தேன். டெபியன் தரும் கெர்னல் எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஆயிரக்கணக்கான மாட்யூல்களை, அதாவது கருவிகளை இயக்குவது போன்ற வேலைகளுக்கான துணைத் துண்டுகளை, சுமந்து வருகிறது. எனக்கு அவற்றில் நூற்றுச் சொச்சமே தேவை. ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற கட்டளை, அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை, எதையெல்லாம் தொகுக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பில் அணைத்துவிடுகிறது.

‘அந்த நேரத்தில்’ என்பதில்தான் நான் சறுக்கினேன். கட்டளையை இயக்கியபோது பென் டிரைவோ கைப்பேசியோ செருகப்பட்டிருக்கவில்லை. ஆகவே, நான்கு கோர்களும் சூடேறி, மின்விசிறி இரைந்து, நாற்பது நிமிடத்தில் உருவான கெர்னல் அழகாகத் தொடங்கியபோதும், யூஎஸ்பி வழியே கைப்பேசியின் இணையத்தைப் பகிர முயன்றால் ஒன்றும் நடக்கவில்லை. பென் டிரைவும் கண்ணில் படவில்லை. கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலை அழிக்காமல் விட்டிருந்தது நல்லதாயிற்று. அதற்குள் நுழைந்து, வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம், கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் ஒன்றையும் விடாமல் செருகியெடுத்துவிட்டு மீண்டும் தொகுத்தேன்.

முயல்வோருக்கு ஒரு குறிப்பு: டெபியனின் அமைப்புக் கோப்பில் அவர்களுடைய சான்றிதழ் ஒன்றுக்கான பாதை இருக்கும். அந்தக் கோப்பு நம்மிடம் இராது என்பதால் தொகுப்பு பாதியில் நின்றுவிடும். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழித்து வெறுமையாக விட்டால் போதும். பிழைதிருத்தத் தகவலையும் அணைத்துவிடுங்கள், இல்லையேல் வட்டில் பல ஜிபி காணாமல் போகும்.

எஸ்டி அட்டையை மட்டும் செருக மறந்திருக்கிறேன். இன்று இரவு மூன்றாம் முறை.