சோரியாசிஸ்: டாக்டரிடம் காட்டாமல் விடும் இடம்

சோரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் முழங்கையைக் காட்டுவார்கள், தலையைக் காட்டுவார்கள். இடுப்புக்குக் கீழே இருப்பதை மட்டும் மறைத்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று வாங்கிக்கொள்வார்கள். பாதிக் கேடு அந்த ட்யூபில்தான் தொடங்குகிறது.

பிறப்புறுப்பிலும் தொடையிடுக்கிலும் வரும் சோரியாசிஸில் வெள்ளைச் செதில் பெரும்பாலும் இருக்காது. ஓரம் தெளிவான, வழவழப்பான சிவப்புத் திட்டாகத் தெரியும். சில சமயம் நடுவில் வெடிப்பு. பார்த்தால் படை மாதிரியே இருக்கும். ட்யூபில் க்ளோபெட்டசால் என்ற வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாளில் அடங்கியது போலத் தோன்றும். விடாமல் பூசினால் தோல் மெலிந்து வரி விழும். விழுந்த வரி அழியாது. அந்த இடத்துக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டைக் கொஞ்ச நாளுக்கு எழுதுவார்கள், இல்லையென்றால் ஸ்டீராய்டு இல்லாத டேக்ரோலிமஸ் களிம்பு. டேக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். சேரவில்லை என்று பயந்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும்.

உரசல்தான் பெரிய எதிரி. தோல் காயப்பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்புவது இந்த நோயின் குணம். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தொடையை அறுக்கும் எலாஸ்டிக் பட்டி வேண்டாம், தளர்ந்த பருத்தி போதும். உறவின்போது தண்ணீரில் கரையும் ஜெல்லி நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் கை தானாகத் தேங்காயெண்ணெய்க்குப் போகும். ஆனால் அதுவும் வாஸ்லினும் வெட்பாலைத் தைலமும் ரப்பர் ஆணுறையைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். பூசிய மருந்தை முன்பே கழுவிவிடுங்கள். முடிந்ததும் சோப்பில்லாமல் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றியெடுத்து, பிறகு மருந்து. வெடிப்பு இருக்கும் நாட்களில் தள்ளிப்போடுவதே மேல்.

"ஏனுங்க, எனக்கும் ஒட்டிக்குமா?" ஒட்டாது. இது கிருமியில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தூண்டிவிட, ஒரு மாதம் போல எடுத்து உரிய வேண்டிய தோல் சில நாளிலேயே உரிகிறது. இதைக் கணவன் சொல்வதைவிட, மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் வாயால் கேட்பது நல்லது. விளக்கை அணைப்பதும் தள்ளிப் படுப்பதும் வெட்கத்தால்தான். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு எத்தனை வீட்டில் மனத்தாங்கல்!

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா? தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க டி.எல்.க்யூ.ஐ. என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். ஒன்பதாவது கேள்வியே தாம்பத்தியம்தான். நிரப்பி நீட்டிவிடுங்கள். 10-க்கு மேல் வந்தால் பாதிப்பு மிக அதிகம் என்று கணக்கு. களிம்பைத் தாண்டி மாத்திரை, ஊசி என்று யோசிக்க அதுவும் ஒரு காரணம்.

மாத்திரைக்குப் போகும்போது குழந்தைத் திட்டத்தை இருவருமே சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே போடுவது, கர்ப்பத்துக்கு ஆகாது. அசிட்ரெட்டின் இன்னும் கடுமை. நிறுத்திய பின்னும் பெண்கள் 3 வருஷம் கருத்தரிக்கக் கூடாது. ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில், கல்யாணத்துக்குள் தோல் தெளியட்டும் என்று கேட்டு வாங்குகிற மாத்திரை இதுவாகவும் இருக்கலாம். சீட்டில் பெயரைப் படியுங்கள்.