"நம்பரெல்லாம் எப்படி இருக்கு?"

எங்கள் பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்துவீசுபவன், இதைத்தான் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். இரண்டு வருடமாக அதையே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு ஆட்டம் முடிந்து, அணியின் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். அமெரிக்காவில் மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஒரே அணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. அந்த விடுமுறையிலும் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே இருக்கும் ஒரு டபுள்-ஏ அணியில் பந்துவீச்சு அளவுகளைப் பார்ப்பது என் வேலை. வேகம், சுழற்சி, பந்து எந்த உயரத்தில் கையை விட்டுக் கிளம்புகிறது, எல்லாம் என் லேப்டாப்புக்கு வந்துவிடும்.

அன்று அவன் வேகம் வழக்கமான மணிக்கு 94 மைலிலிருந்து 92க்கு இறங்கியிருந்தது. பந்து கிளம்பும் உயரமும் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. பிட்சிங் கோச்சுக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் எழுதினேன். அவனிடம் சொல்லவில்லை. எதுவானாலும் கோச் வழியாகத்தான் வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் விதி. விதியில் தப்பில்லை. ஒரு நாள் நம்பரைக் காட்டிப் பயமுறுத்தினால், மறுநாள் பிட்சர் வீசும் முறையையே மாற்றிக்கொள்வான். வெயிலில் களைத்தாலும் வேகம் குறையும். நான் டாக்டரும் இல்லை.

சரி, நம்பரை மட்டுமா பார்த்தேன்? சாண்ட்விச்சை இடது கையால் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீசும் வலது கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி மடியில் கிடந்தது. இடது கை தட்டுக்குப் போனால் அம்மா தட்டிவிடும் வீட்டில் வளர்ந்தவன் நான். அது என் கண்ணுக்குத் தப்பாது. பார்த்துவிட்டுத்தான் "நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

புதன்கிழமை, எட்டாவது இன்னிங்ஸில், மூன்றாவது பந்தோடு முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். உள்பக்கத் தசைநார் கிழிந்திருந்தது. 1974ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாகச் செய்த அதே ஆபரேஷன். டாமி ஜான் அதற்குப் பிறகும் 164 ஆட்டங்களை வென்றார். ஆனால் அவர் ஏற்கெனவே மேஜர் லீக்கில் பெயர் எடுத்தவர். 27 வயதில் டபுள்-ஏயில் இருப்பவனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போவது வேறு கணக்கு. அடுத்த சீசன் தொடங்கும் முன்பே அணி அவனை விடுவித்துவிட்டது.

அவனுக்கே தெரியாமலா இருந்திருக்கும்? வீரர்கள் சங்கம் போட்ட 2023 ஒப்பந்தத்தில்தான் டபுள்-ஏ குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. அதுவரை குளிர்காலத்தில் கிடங்கில் பெட்டி தூக்கிக் காலம் தள்ளியவன். காயப் பட்டியலில் பெயர் ஏறினால், அவன் இடத்தில் 21 வயதுப் பையன் வந்து நிற்பான். அதனால்தான் கோச்சை விட்டுவிட்டு என்னிடம் வந்தான் என்று இப்போது தோன்றுகிறது. நிறுத்து என்று நான் சொல்ல வேண்டும் என்று கேட்டானா, பயப்படாமல் வீசு என்று சொல்ல வேண்டும் என்று கேட்டானா? இதில் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் சாய்கிறேன். தசைநார் ஞாயிற்றுக்கிழமையே பாதி போயிருக்கலாம். நான் சொல்லியிருந்தால் திங்களன்றே ஸ்கேன் எடுத்திருப்பார்கள் என்பதும் உண்மை. கோச் என் ரிப்போர்ட்டைப் படித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போன மே மாதம் புதுப் பையன் ஒருவன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அதே கேள்வியைக் கேட்டான். "கோச்சைக் கேளேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். எந்தக் கையால் கதவைத் திறக்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.