சாளையின் வயிறு ஏன் வெடிக்கிறது?

ஹட்டன் பக்கம் மீன் லொறி வந்தால் முதலில் தீர்வது சாளைதான். கரையோரக் கடலின் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மீன். செவுளில் நெருக்கமாக இருக்கும் மெல்லிய முட்கள் மிதவை உயிரிகளை வடித்தெடுக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்குக் கரையோரம் அடிநீர் மேலெழும்போது இந்த இரை பெருகும்.

பல மீன்களுக்கு விலாவில் ஓடும் உணர்கோடு, அதாவது நீரின் அசைவை உணரும் நுண்கால்வாய், சாளைக்கு இல்லை. அந்தக் கால்வாய்கள் தலையோடு சரி. கூட்டம் சேர்வதும் பெரும்பாலும் கண்ணை நம்பித்தான். இருட்டினால் கலைந்துவிடும்.

செத்த பிறகும் செரிமான நொதிகள் குடலை அரிப்பதால் வயிறு வெடிக்கிறது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். கிலோவுக்குக் கிலோ ஐஸ் வேண்டும். குறைந்தால் பாக்டீரியாவால் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் மீனில் சேரும். கொரக்காப் புளி போட்டு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நுவரெலியாக் குளிரெல்லாம் இதற்குப் பத்தாது: 15 பாகையில் பாக்டீரியா தாராளமாக வேலை செய்யும்.