ஐந்து வருஷம் தப்பாக அடித்த பம்ப்

எனக்கு இளைப்பு, அதாவது ஆஸ்துமா, வந்தது 35 வயதில். கோலாலம்பூர் செந்தூலில் பள்ளிக் கேன்டீன் நடத்துகிறேன். விடியற்காலை மிளகாய்ச் சம்பால் வதக்கும்போது பிளாச்சான் (இறால் விழுது) புகை ஏறினால் போதும், நெஞ்சு இறுகி விசில் சத்தம் கிளம்பிவிடும். அப்போது போன கிளினிக்கில் வாயில் வைத்து மருந்தை இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) கொடுத்தார்கள், நீலம் ஒன்று, பழுப்பு ஒன்று. எப்படி இழுப்பது என்று யாரும் காட்டவில்லை. நீலத்தை அடித்தால் அஞ்சு நிமிஷத்தில் மூச்சு விட முடிந்தது. பழுப்பை அடித்து ஒரு மாற்றமும் தெரியவில்லை, அலமாரியில் போட்டுவிட்டேன். "பம்ப் பழக்கமாயிடும்மா, விட்டுடு" என்று மாமியார் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார்.

2019 செப்டம்பர் புகைமூட்டத்தில் பள்ளிகளை மூடினார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தும் ஒரு ராத்திரி, முழங்காலில் கையை ஊன்றிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி நீல பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. வீட்டுக்காரர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். அந்த நிலைமை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், மலேசியாவில் 999க்கு அழையுங்கள்.

அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்கில் மருந்து கொடுக்கும் தங்கச்சி, பழகிப் பார்ப்பதற்கான மருந்தில்லாத பம்ப் ஒன்றை நீட்டி, "அக்கா, எப்படி அடிப்பீங்கன்னு காட்டுங்க" என்றாள். குலுக்காமல் வாயில் வைத்து அழுத்தினேன். உதட்டோரம் வெள்ளையாகப் புகை வெளியே வந்தது. "பார்த்தீங்களா, பாதி காத்துல போகுது. மீதி தொண்டையில ஒட்டுது. நுரையீரலுக்குக் கொஞ்சம்தான் போகுது." அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அவள் சொல்லிக்கொடுத்தது இது. பம்பை நன்றாகக் குலுக்க வேண்டும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், நான் ஒருநாளும் செய்யாதது இதுதான். உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரே ஒரு அழுத்து. இழுத்துக்கொண்டே போய்ப் பத்து விநாடி அடக்க வேண்டும். இரண்டாவது அடிக்கு அரை நிமிஷமாவது விட்டு, திரும்பக் குலுக்க வேண்டும். எனக்குக் கை அழுத்தும் நேரமும் மூச்சிழுக்கும் நேரமும் சேரவே இல்லை. அதனால் ஸ்பேசர் கொடுத்தாள், சின்னத் தண்ணிப் போத்தல் மாதிரி ஒரு குழாய். மருந்து அதற்குள் நிற்கும், நிதானமாக இழுக்கலாம். அதைச் சோப்புத் தண்ணியில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். (பொடி மருந்து வருகிற பம்புக்கு முறையே வேறு: குலுக்கக் கூடாது, வேகமாக இழுக்க வேண்டும். உங்களிடம் எது இருக்கிறதென்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

பழுப்பை அடிக்காமல் அலமாரியில் போட்டதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக் கிடப்பதுதான் நோய். நீலத்தில் இருக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையைச் சில மணி நேரம் தளர்த்துமே தவிர, வீக்கத்தைத் தொடாது. பழுப்பில் இருக்கும் ஸ்டீராய்டுதான் வீக்கத்தை வற்ற வைக்கும். அதற்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும், அடித்த உடனே தெரியாது. பெரியவர்கள் நீலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019ல் சொல்லிவிட்டதாம். ஒரு நீல பம்பில் 200 அடி. வருஷத்துக்கு மூன்று தீர்ந்தாலே ஆபத்து கூடுகிறது. நான் மாதம் ஒன்று தீர்த்துக்கொண்டிருந்தேன்.

"பழக்கமாயிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பழுப்பு பம்பில் இருப்பது மூச்சோடு நேரே போகிற சின்ன அளவு மருந்து. அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளையாகப் புண் வரலாம். அதற்காகவே பழுப்பைப் பல்துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையும் ராத்திரியும் அடித்துவிட்டுப் பல் துலக்கினால் மறக்காது.

நீலம் கைப்பையில் இருக்கிறது. அடிக்கிற நாளெல்லாம் அதன்மேல் ஒட்டிய தாளில் தேதி எழுதுகிறேன். கடைசித் தேதிக்கு இரண்டு மாதமாகிறது.