பாதியில் நிறுத்திய மாத்திரை

உசிலம்பட்டி அருகே ஆசிரியையாகப் பணிபுரியும் எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்று தெரியவே ஒன்பது மாதங்கள் ஆயின. அதுவரை அதை வாய்வு என்றும் படபடப்பு என்றும் சொல்லி வந்தோம். தனியார் மருத்துவர் ஒருவர் சத்து ஊசியும் தூக்க மாத்திரையும் கொடுத்தார். மாமியார் கோடாங்கியிடம் குறி கேட்டு வந்தார். அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கைகால் ஓய்ச்சல் என்று சொன்ன நான், பத்து விடைத்தாள்களைத் திருத்த முடியாமல் இரவெல்லாம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை எவரிடமும் சொல்லவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்தான் முதலில் கேட்டார்: "ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்லாம இருக்காம்மா? மனசு சோர்ந்தே கிடக்கா?" பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

மதுரையில் மனநல மருத்துவர் தைராய்டும் இரத்தச்சோகையும் பரிசோதித்த பிறகே எஸ்சிட்டாலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதினார். முதல் வாரம் குமட்டல். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் அப்போதே விட்டிருப்பேன்.

ஆறாவது வாரம் தூக்கம் வந்தது, பசித்தது; நானாகவே நிறுத்திவிட்டேன். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். மருத்துவரைப் பார்க்க மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு நாள் முழுதும் போய்விடும். விடுப்புக் கடிதத்தில் ஒவ்வொரு முறையும் 'காய்ச்சல்' என்றே எழுதியதால், தலைமையாசிரியர் டெங்கு பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்! இரண்டு மாதத்தில் பழைய நிலையே திரும்பியது.

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் சிகிச்சை பெறாதவர்கள். ஆறு வாரத்தில் நிறுத்திய என்னை எந்தப் பக்கம் எண்ணுவார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

இரண்டாம் முறை கணவரும் உடன் வந்தார். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது என்பதை இருவரும் சேர்ந்தே கேட்டோம். மாத்திரை அளவும் கூட்டப்பட்டது. வீட்டில் இன்னொருவர் காதிலும் அது விழுந்ததுதான் பெரிய வித்தியாசம். ஒரு வேளை தவறினால் அவர் அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பார். மனம் மிகவும் தாழ்ந்த ஓர் இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழைத்துத் தந்தவரும் அவரே; அங்கே தமிழிலேயே பேசினார்கள்.

அளவைப் படிப்படியாகக் குறைக்கும் பேச்சு பங்குனியில் தொடங்கும். அதற்காக இவ்வாண்டு விடுப்பில் மூன்று நாளைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.