பலதானிய விதைப்பு: பூப்பருவம் வரை பார்த்தது

வடக்குப் பாத்தி செம்மண். மழைக்குப் பின் வெயில் அடித்தால் மேல்மண் இறுகிவிடும். கத்தரி வைக்கும் முன் அதில் பலதானியம் விதைத்தேன்; பல வகை விதைகளைக் கலந்து விதைத்து, வளர்ந்த செடியை மண்ணுக்கே உரமாக்கும் முறை இது. ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ என்ற கணக்கைப் பாத்தி அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். கம்பு, சோளம், தினை, தட்டைப்பயறு, உளுந்து, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு, சணப்பு, கொள்ளு, கொத்தமல்லி, கடுகு. பொடி விதைகளை மட்டும் மணலோடு கலந்து தனியாகத் தூவினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துப் பாத்தியை வெறுமனே விட்டேன்.

பூ எடுத்ததும் தட்டைப்பயற்றைச் சுற்றித் தோண்டி, மண்ணோடு எடுத்து வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். இழுத்துப் பிடுங்கினால் வேர்முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை பிளேடால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு! இந்த நிறத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் தரும் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அந்த நொதியை வைத்துக்கொண்டு முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும்படி இந்தப் புரதம் ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறது. உள்ளே பச்சையாக இருந்தால் அந்த முடிச்சு ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

கம்பு வேரில் மண் உறைபோல ஒட்டியிருந்தது, உதறினாலும் விழவில்லை. இரு பாத்திகளிலிருந்தும் மண்கட்டி எடுத்து நிழலில் உலர்த்தி, டீ வடிகட்டியில் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்தினேன். வெறும் பாத்திக் கட்டி உடனே கரைந்து கலங்கியது. விதைத்த பாத்திக் கட்டி குமிழி விட்டபடி உருக்குலையாமல் நின்றது. வேர்க்கசிவும் நுண்ணுயிர்ப் பசையும் பூஞ்சை இழைகளும் மண்ணைப் பிணைப்பதன் பலன் இது.

காய் பிடிக்கும் முன்பே அறுத்துவிட்டேன். விட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) விதைக்குப் போய்விடும், தண்டும் நாராகிவிடும். நார்த்தண்டை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால் அடுத்த நாற்று வெளிறும். வழக்கம்போல மடக்கி உழாமல், வேரை மண்ணிலேயே விட்டு, தழையை மூடாக்காகப் பரப்பினேன். இதில் கொஞ்சம் தழைச்சத்து காற்றில் போகும், மட்கவும் நாளாகும். ஆனாலும் பூஞ்சை இழைகள் அறுபடாமல் இருப்பது எனக்கு முக்கியம். கத்தரி வேரோடு கூடி மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவருபவை அவைதானே.

கடுகுக் குடும்பம் அந்த வேர்ப்பூஞ்சையோடு சேர்வதில்லை. அடுத்த கலவையில் கடுகுக்குப் பதில் வெந்தயம். இரு பாத்திகளிலும் ஒரே நாற்றங்காலின் கத்தரியை இந்த வாரம் நடுகிறேன்.