குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்க வேண்டும்?

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சுசீந்திரத்தில் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, ‘பறவைக் குளம்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை கேமராவோடு வருகிறவர்களுக்கும் அது அவ்வளவுதான். ஆனால் அதே குளம் நெல் போட்டவருக்கு மடை, பூ பறிப்பவருக்குத் தாமரை, குத்தகை எடுத்தவருக்கு மீன், கரையில் குடியிருப்பவருக்குப் படித்துறை. ஒவ்வொருவருக்கும் வேண்டிய ஆழம் வேறு. நாஞ்சில் நாட்டுக் குளத்தங்கரைச் சண்டைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் கிடப்பது நீர்மட்டம்தான்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பரப்பு 94.23 ஹெக்டேர். அதே ஆண்டில் வேம்பனூரும் 19.75 ஹெக்டேரோடு சேர்ந்தது. அதற்கு முன்பே, 2015-இல், சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்துக் காப்பகமாக அறிவித்திருந்தார்கள். ராம்சார் பெயர்ப்பலகை வைத்தால் குளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அது தேவையில்லை. குளத்தைக் கெடுக்காமல் பயன்படுத்துவதை அந்த உடன்படிக்கையே ஏற்கிறது. இவை வெட்டிய குளங்கள். வயலுக்காகக் கரை போட்டுத் தேக்கிய தண்ணீரில் பறவை வந்து இறங்கியது. விவசாயத்தைக் கழித்துவிட்டால் இந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஏற்பாடே நின்றுபோகும்.

அந்த ஏற்பாடு பெரியது. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடிந்தது பேச்சிப்பாறை அணை. கட்டிய இன்ஜினியர் மிஞ்சின் அந்த அணைக்கரையிலேயே அடக்கமாகியிருக்கிறார். கோதையாற்றுத் தண்ணீரைத் திருப்பி, பறளியாற்றின் புத்தன் அணை வழியாகக் கிழக்கே கொண்டுவந்ததால்தான் தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு சானல் எல்லாம் இன்றைய அளவுக்கு ஓடுகின்றன. 1950-களில் பெருஞ்சாணி அணையும் சேர்ந்தது. அதுவரை மழையையும் பழையாற்றையும் நம்பிக் கிடந்த குளங்கள் பல, சானல் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு வயலுக்குக் கொடுக்கும் இடைத்தொட்டிகளாக மாறின. இதைப் புரிந்துகொண்டால்தான் ஒரு விஷயம் விளங்கும்: மழை நன்றாகப் பெய்தும் குளம் நிறையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது குளத்தை அல்ல, வரத்துச் சானலின் கடைசி இரண்டு கிலோமீட்டரை. அங்கேதான் குப்பையும் கட்டட இடிபாடும் கிடக்கும், கரையைத் தின்ற வீட்டுச் சுவரும் நிற்கும்.

வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதி அணை திறந்து பிப்ரவரி 28-இல் அடைப்பார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். புரட்டாசியில் ஒன்று, மாசியில் ஒன்று அறுப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் குளம் வருஷத்தில் இரண்டு தரம் நிறைகிறது, இரண்டு தரம் இறங்குகிறது. பங்குனி சித்திரையில் அடிமட்டம். இந்த ஏற்ற இறக்கம்தான் குளத்தின் உயிர். வருஷம் முழுவதும் ஒரே மட்டத்தில் நிற்கும் குளத்தில் சேறு காய்வதில்லை, களை சாவதில்லை, கரைப்பறவை இறங்க மேடும் கிடைப்பதில்லை.

கணக்கு போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர் உள்ள குளத்தில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் 40,000 கன மீட்டர் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு ஹெக்டேர் வயலில் 5 சென்டிமீட்டர் நிறுத்த 500 கன மீட்டர் வேண்டும். ஆக ஏட்டுக்கணக்கில் 80 ஹெக்டேருக்கு ஒரு நனைப்பு. மண் வாய்க்காலில் கால்பங்காவது குடித்துவிடும் என்பதால் 60 என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வரை குடிக்கும். அதாவது மடையை இறுக்கி அடைத்திருந்தாலும் இருபது நாளில் அதே 10 சென்டிமீட்டர் காணாமல் போகும். ‘யாரோ ராத்திரி மடையைத் திறந்துவிட்டான்’ என்று சண்டைக்குக் கிளம்புவதற்கு முன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். மடைச் சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்டுப் பெயின்ட் அடித்து வைத்து, வாரம் ஒரு நாள் நோட்டில் எழுதினால் போதும். பாதி வழக்கு அங்கேயே முடியும்.

இப்போது மடைகளில் பெரும்பாலும் திருகுக்கம்பி வைத்த இரும்பு ஷட்டர்தான். இது கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் துரு இல்லை, அவசரம். அடியில் மட்டையோ கட்டையோ சிக்கியிருக்கும்போது இரண்டு பேர் தொங்கி இறுக்கினால் கம்பி வளைந்துவிடும். வளைந்த கம்பியோடு ஷட்டர் முழுதாக மூடாது, முழுதாகத் திறக்கவும் செய்யாது. மூடுவதற்கு முன் ஒரு சாண் தூக்கி, தண்ணீர் வேகத்தில் குப்பையை அடித்துப் போகவிட்டுப் பிறகு இறக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை கிரீஸ். இன்னொன்று, மீன் பிடிக்க வேண்டும் என்று ஓரிரு நாளில் குளத்தை வடித்துவிடக் கூடாது. கரை மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அத்தனை சீக்கிரம் இறங்காது. வெளியே தாங்கிப்பிடித்த தண்ணீர் போனதும் உட்சரிவு கனம் தாங்காமல் சரிந்து விழும்.

கரைக்கசிவில் நிறம் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் மண் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆள் கூட்ட வேண்டும். பெரும்பாலும் மடைக் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடத்திலும், எலி நண்டு வளையிலும், வெட்டிய மரத்தின் வேர் மக்கிய பாதையிலும்தான் இது தொடங்கும். பலரும் வெளிப்பக்க ஓட்டையில் களிமண் திணிக்கப் பார்ப்பார்கள். தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும், அவ்வளவுதான். உட்பக்கம் சுழி தெரிகிற இடத்தில் களிமண் மூட்டையை இறக்க வேண்டும். வெளிப்பக்கம் ஊற்றைச் சுற்றி மணல்மூட்டையால் வட்டம் கட்டி, அதற்குள் தண்ணீர் உயரவிட வேண்டும். உயர உயர வேகம் குறையும், மண் வருவது நிற்கும்.

குளம் நிறைந்ததும் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற மறுகாலைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மீன் வெளியே போகாமலிருக்க மறுகாலில் மணல்மூட்டை அடுக்குவதும், வலையை இறுக்கிக் கட்டுவதும் பல ஊரில் நடக்கிறது. வலையில் பாசியும் மட்டையும் அப்பிக்கொண்டால் அது சுவருக்குச் சமம். மறுகாலின் நீளத்தில் பாதி அடைபட்டால், முன்பு ஒரு அடி உயரத்தில் வழிந்த அதே வெள்ளம் வழிய ஒன்றரை அடிக்கு மேல் ஏற வேண்டும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோதும் 2021 நவம்பர் மழையிலும் இந்த மாவட்டம் பார்த்தது போன்ற வெள்ளத்தில் அந்த அரை அடிதான் கரை நிற்பதையும் உடைவதையும் தீர்மானிக்கும். மீனைத் தடுக்க வேண்டுமென்றால் மறுகாலுக்கு முன்னால், அதன் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு வளைத்து, அகலக் கண்ணி வலை கட்டலாம். மழை நாளில் வலையைச் சுத்தம் செய்ய ஆள் நிற்க வேண்டும்.

தாமரைக்காரர்கள் கேட்பது ஏறாத இறங்காத தண்ணீர். முழங்காலிலிருந்து இடுப்பளவு அவர்களுக்குச் சரி. இலை மேலே வந்த பிறகு சட்டென்று இரண்டடி ஏறினால் இலை மூழ்கி அழுகும். டியூபிலோ தெர்மோகோலிலோ மிதந்து பறித்து விடியுமுன் தோவாளைச் சந்தைக்குச் சேர்க்கிற பூ, திருவனந்தபுரம் வரை போகிறது. வருமானம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் குளம் முழுக்கத் தாமரை மூடினால் கீழே வெளிச்சம் போகாது, மக்கும் இலை ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அறிகுறி. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் இது மோசமாக இருக்கும். அன்றைக்கு இரை போடுவதை நிறுத்தி, வரத்துத் தண்ணீர் இருந்தால் திறந்துவிட வேண்டும். படித்துறைப் பக்கமும் மடைப் பக்கமும் திறந்த தண்ணீராக விட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாமரைக்குக் கொடுக்காமலிருப்பது என் கணக்கு.

தண்ணீரில் மிதந்து படரும் களையான ஆகாயத்தாமரைக்கு எந்தத் தயவும் வேண்டாம். சாதகமான தண்ணீரில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும், விதை சேற்றில் பல ஆண்டு உறங்கும். அடர்ந்த குளத்தில் ஒரு ஹெக்டேருக்கு இருநூறு டன்னுக்கு மேல் தேறும், அதில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆனி ஆடியில் மேல்காற்று தானே அதைக் கிழக்குக் கரைக்குத் தள்ளிக் குவிக்கும். அந்த நேரத்தில் கயிறு வளைத்து இழுத்தால் வேலை பாதி. பூப்பதற்கு முன் எடுக்க வேண்டும், எடுத்ததை நிறைமட்டத்துக்கு மேலே கொட்ட வேண்டும். கரைச்சரிவிலேயே போட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அடுத்த மழையில் எல்லாம் திரும்பக் குளத்துக்குள் இறங்கிவிடும். சாக்கடை வந்து சேரும் வாயை அடைக்காமல் செடியை மட்டும் வாரிக்கொண்டிருப்பது ஆண்டுதோறும் டெண்டர் விடத்தான் உதவும்.

வண்டல் எடுக்கிற பேச்சு வந்தால் ‘எத்தனை ஆழம்’ என்று கேளுங்கள். அனுமதி வாங்கி விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்று அரசு 2017-இல் வகுத்தது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகாது. மீனுக்கும் கோடைப் பறவைக்கும் அங்கங்கே அப்படிச் சில குழிகள் நல்லதுதான். குளம் முழுக்க அப்படி ஆக்கினால் கெடுதல். கரையின் அடிவாரத்தை ஒட்டி மண் எடுத்தால் கரை பிடிமானமில்லாமல் நிற்கும்.

பறவை பார்க்க வருகிறவர்களும் மட்டத்தைப் படிக்கக் கற்றால் நல்லது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழத்தில். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஒரு அடிக்குள். பவளக்கால் உள்ளான் கணுக்காலளவில். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை இருந்தால் போதும். மார்கழியில் குளம் தளும்பி நிற்கும்போது வந்து ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்புகிறவர்கள் மாசிக் கடைசியில் வந்தால் அதே இடத்தில் கூட்டம் பார்ப்பார்கள். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மட்டம் ஏறி இங்கே இடமில்லாதபோது கரைப்பறவைகளை மணக்குடிக் காயலிலும் புத்தளம் உப்பளத்திலும் தேடலாம். பூநாரைக்கும் அங்கேதான் போக வேண்டும். வயல் வரப்பில் ஏறி நிற்காதீர்கள், அது இன்னொருவர் உழைப்பு.

படித்துறையின் பழைய வழக்கங்கள் குறைந்துவிட்டன. குழாய் வந்தது, குளியல் வீட்டுக்குள் போனது, கதம்பையும் (தேங்காய் மட்டை) ஓலையும் ஊறப்போடுகிறவர்கள் அருகினார்கள். குளத்தைத் தினமும் பார்க்கும் கண்களும் அதோடு குறைந்தன. அதனால்தான் மீன் குத்தகையோ தாமரைக் குத்தகையோ விடும்போது ஊர்க்காரர்கள் எழுத்தில் கேட்டுச் சேர்க்க வேண்டியவை சில இருக்கின்றன: மறுகாலில் எந்தத் தடுப்பும் கூடாது, பயிர் நிற்கும்வரை மடையின் சாவி குத்தகைதாரர் கையில் இருக்கக் கூடாது, மடைச்சுவரில் குறித்த எந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீரை வடிக்கக் கூடாது என்பது எண்ணாகவே இருக்க வேண்டும், ஆகாயத்தாமரை நீக்குவது யார் செலவு, எந்த மாதத்துக்குள். கடைசியாகச் சொன்னதில் மாதத்தை எழுதாமல் விட்டால் அது நடக்காது. ஆடிக்குள் என்று போட்டுவிடுங்கள்.